குட்டிக் கடல் குதிரைக்கு எந்தத் தொட்டி, எந்தத் தீனி?

குட்டிக் கடல் குதிரை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம் என்பது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: தினமும் காலையிலும் மாலையிலும் உயிருள்ள தீனியை முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, வடிகட்டி, கழுவிப் போட உங்களால் நேரம் ஒதுக்க முடியுமா? இதற்கான பதிலை வைத்துத்தான் தொட்டி, ஃபில்டர், பாசி, பாறை என்று எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். கடைகளில் தொட்டியை முதலில் காட்டிவிட்டுத் தீனியைக் கடைசியில் சொல்வார்கள். நான் தீனியில் ஆரம்பித்துத் தொட்டிக்கு வருகிறேன்.

இங்கே பேசுவது ஹிப்போகாம்பஸ் ஸாஸ்டெரே என்ற இனத்தைப் பற்றி. ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடா, கீஸ் தீவுகள், மெக்சிகோ வளைகுடாவின் மற்றக் கரைகள், பஹாமாஸ் என்று ஆழமில்லாத கடற்புல் படுகைகளில் வாழ்கிறது. முழுசாக வளர்ந்தாலே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆயுள் ஓராண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டாண்டு. ஆண் தன் பையில் முட்டைகளைச் சுமந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகளை வெளியே விடும். அந்தக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் பிறந்த அன்றைக்கே பெற்றோர் தின்னும் அதே தீனியைத் தின்னத் தொடங்கிவிடும். கடல்மீன் குஞ்சுகளில் இது அபூர்வம். வீட்டில் இனப்பெருக்கம் செய்ய வைக்கக் கூடிய கடல்மீன் என்று இதற்குப் பெயர் வந்ததற்கு இதுதான் காரணம்.

1950, 60-களில் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களின் விளம்பரப் பக்கங்களில் கடல் குதிரைகளைத் தபாலில் விற்றார்கள். குழந்தைகள் காசு அனுப்பினால் உயிருள்ள குதிரை வீடு தேடி வரும். ஒரு சின்னக் கிண்ணமும் கொஞ்சம் உப்பும் இருந்தால் போதும் என்ற நினைப்பு அப்போதிருந்தே பரவிவிட்டது, இன்றும் முழுதாகப் போகவில்லை. தொட்டி சின்னதாக இருக்கலாம் என்பது உண்மை. வேலையும் சின்னது என்று நினைத்தால் அந்த உயிர்கள் பட்டினியில் சாகும்.

தொடங்கும் முன் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் கடல் குதிரைக் குடும்பம் முழுவதும் 2001-இலிருந்து காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுவலையில் சிக்கும் குதிரைகளைக் காய வைத்துக் கடத்துவதைப் பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். காய்ந்ததற்கு மட்டுமில்லை, உயிருள்ளதற்கும் அதே சட்டம்தான். தமிழ்நாட்டில் யாராவது உங்களுக்குக் கடல் குதிரை விற்க வந்தால் வாங்காதீர்கள். சர்வதேச வணிகத்துக்கும் 2004 மே மாதத்திலிருந்து சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாடு உண்டு. எனவே இனி வருவதெல்லாம் அமெரிக்காவில், சட்டப்படி விற்கும் இடத்தில் வாங்கி வளர்க்கக் கூடியவர்களுக்கானது.

குட்டியா, பெரிசா?

கடல் குதிரைதான் வேண்டும் என்று முடிவு செய்தவர் முன்னால் உண்மையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இந்தக் குட்டி இனம். இன்னொன்று ஹிப்போகாம்பஸ் இரெக்டஸ். இதுவும் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்ததுதான். பதினைந்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும், நான்கைந்து ஆண்டு வாழும்.

இரெக்டஸ் ஜோடிக்குக் குறைந்தது 110 லிட்டர் தொட்டி வேண்டும். உயரமும் 45 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், ஏனென்றால் ஆணும் பெண்ணும் வால் பின்னி மேலே எழுந்துதான் முட்டையைக் கைமாற்றும். நல்ல ஃபில்டர், கழிவை நுரையாக்கி நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர வைக்க ஒரு வழி என்று செலவு கூடிக்கொண்டே போகும். ஆனால் பண்ணையில் பிறந்த இரெக்டஸுக்கு உறைய வைத்த மைசிஸ் இறாலைத் தின்னப் பழக்கியே விற்கிறார்கள். ஃப்ரீஸரிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, கரைத்து, கழுவிப் போட்டால் தீனி முடிந்தது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

குட்டி இனத்தில் கணக்கு தலைகீழ். தொட்டிச் செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, மேசை மூலையில் வைத்துவிடலாம். ஆனால் இது உறைந்த தீனியைத் தொடாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்றதாகச் சொல்பவர்கள் உண்டு, அதை நம்பித் திட்டம் போட முடியாது. உயிருள்ள தீனி தினமும் இரண்டு வேளை, முடிந்தால் மூன்று வேளை போட வேண்டும். கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது குடல் வழியாக வேகமாகப் போய்விடும். உடலில் சேமித்து வைக்கவும் அதனிடம் இடமில்லை. ஒரு நாள் தீனி தவறினால் இரெக்டஸ் தாங்கிக்கொள்ளும். குட்டிக்கு அது பெரிய அடி, அதன் குஞ்சுக்கு அநேகமாகச் சாவு.

அடிக்கடி வெளியூர் வேலை, மாதம் ஒரு வாரம் பயணம் என்று இருப்பவர்கள் தயங்காமல் இரெக்டஸ் பக்கம் போகலாம், அல்லது கடல் குதிரையையே தள்ளிப் போடலாம். வீட்டிலேயே இருக்கிறேன், தினப்படி வேலை எனக்குப் பிடிக்கும், குஞ்சு பொரிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் குட்டி இனம்தான் சரி. என் ஓட்டும் அதற்குத்தான். மேலே படியுங்கள்.

தீனி: ஆர்டீமியாவா, கோப்பிபாடா?

கடலில் இவை முக்கியமாகத் தின்பது கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளை. கோப்பிபாட் லேசான நீரசைவையும் உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் துள்ளி ஓடிவிடும். அதை உலகிலேயே மிக மெதுவாக நீந்தும் மீன்களில் ஒன்று எப்படிப் பிடிக்கிறது? குதிரையின் மூக்கைச் சுற்றி நீர் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, தலையின் வடிவம் அப்படி என்று 2013-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமைதியான நீரில் பத்துக்கு ஒன்பது தடவை இரை சிக்கிவிடுகிறதாம். தொட்டியிலும் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வாலால் ஒரு பாசித் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கண் உங்களைப் பார்க்கும், இன்னொரு கண் தீனியைப் பின்தொடரும். உடம்பு ஆடாமல் தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அப்புறம் ஒரு சின்ன வெட்டு. இரை இருந்த இடம் காலியாகிவிடும்.

ஆக, சத்து என்று பார்த்தால் கோப்பிபாட்தான் முதலிடம். டிஎச்ஏ போன்ற கொழுப்பு அமிலங்கள் அதில் இயல்பாகவே இருக்கின்றன. டிஸ்பே, டைக்ரியோபஸ், அபோசைக்ளோப்ஸ் என்ற வகைகள் பாட்டிலில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. சிக்கல் அளவில் இருக்கிறது. ஏழெட்டுக் குதிரைகளுக்கு நாள் முழுக்கப் போதுமான கோப்பிபாட் வேண்டுமென்றால் அவற்றைப் பல வாளிகளில் வளர்க்க வேண்டும். அவற்றுக்கு உணவாகப் பச்சை நுண்பாசியைத் தனியாக வளர்க்க வேண்டும். பாசி ஒரு நாள் கெட்டுப்போனால் பின்னால் இருக்கும் சங்கிலி முழுக்க அறுந்துவிடும். விலைக்கே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் குதிரையின் விலையை மாதத்துக்கு மாதம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆர்டீமியா என்பது உப்பு நீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிர். இது வேறு மாதிரி. முட்டை காய்ந்த தூளாக டப்பாவில் வருகிறது. அமெரிக்கச் சந்தையில் பெரும்பாலும் யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் லேக் ஏரியில் சேகரித்தது. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் நெடுநாள் கெடாது. வேண்டியபோது வேண்டிய அளவு பொரித்துக்கொள்ளலாம். நல்ல தரமான முட்டை ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் குஞ்சு வரும். தூத்துக்குடி உப்பளப் பக்கம் போனவர்களுக்கும் இறால் குஞ்சுப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்தப் பெயர் நன்றாகப் பழக்கமானது. அங்கே இறால் குஞ்சுக்குக் கொடுக்கும் அதே ஆர்டீமியாதான் இதுவும்.

என் தேர்வு ஆர்டீமியாவை அன்றாடச் சோறாக வைத்துக்கொள்வது. கோப்பிபாடை வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் கொட்டினால் போதும். பாசிக்குள் அது தானே கொஞ்சம் பெருகி, இடைப்பட்ட நேரத்தில் கொறிக்க உதவும்.

பொரிக்கும் முறை கடினமில்லை. ஒரு சோடா பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அளவில் உப்பு, அரை கிராம் முட்டை, கீழிருந்து பலமாகக் காற்று, பக்கத்தில் ஒரு விளக்கு. தண்ணீர் 26 முதல் 28 டிகிரியில் இருந்தால் 18 முதல் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் பாட்டிலுக்குள் மூன்று அடுக்கு தெரியும். மேலே காபி நிறத்தில் வெற்று ஓடுகள் வளையமாக மிதக்கும். அடி மூக்கில் பொரிக்காத முட்டை படியும். அதற்குச் சற்று மேலே, விளக்கு இருக்கும் பக்கமாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் துடித்துக்கொண்டிருக்கும். அந்த மேகத்தை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, 120 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் கழுவித் தொட்டியில் விடுங்கள். பொரித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது, அதில் பாக்டீரியா குவிந்திருக்கும்.

இதிலும் இரண்டு தேர்வுகள் உண்டு. முதலாவது ஓடு. சாதாரண முட்டையின் ஓட்டைக் குதிரையால் செரிக்க முடியாது. அதோடு ஹைட்ராய்டு (கொட்டும் இழைகளுள்ள சின்ன உயிர்) போன்ற தொல்லைகள் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பது வளர்ப்பவர்கள் பலரின் சந்தேகம். முட்டையை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, பிளீச்சில் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் காபி நிறம் சாம்பலாகி, பிறகு ஆரஞ்சாகிவிடும். உடனே வடிகட்டி, வாசனை போகும்வரை கழுவி, சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில் ஒருமுறை முக்கி எடுக்க வேண்டும். கலக்கும்போது சூடு ஏறும், பக்கத்தில் ஐஸ் கட்டி தயாராக இருக்கட்டும். ஓடு நீக்கியதைக் கெட்டி உப்புக் கரைசலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பல நாள் வரும். பிளீச்சோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் ஓடு நீக்கிய, பொரிக்கக் கூடிய முட்டையாகவே வாங்கலாம். விலை கூடுதல். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது நேரம். இப்போதுதான் பொரித்த குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, தன் மஞ்சள் கருவை வைத்தே வாழும். அந்தக் கரு இருக்கும்வரைதான் அது சத்தான தீனி. ஏழெட்டு மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த நிலைக்குப் போய்விடும். அப்போது வாய் திறந்திருக்கும், வயிறு காலியாக இருக்கும். அப்படியே போட்டால் வெறும் சக்கை. ஆனால் அந்த நிலையில் டிஎச்ஏ கலவையை அதற்கு ஊட்டி, பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் புதிதாகப் பொரித்ததைவிட நல்ல தீனி ஆகிவிடும். எனவே இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புதிதாகப் பொரித்தது, மாலையில் ஊட்டம் கொடுத்தது. மிச்சமான புதுக் குஞ்சுகளை ஃப்ரிட்ஜில் வைத்தால் வளர்ச்சி மட்டுப்பட்டு, கரு ஒரு நாள் வரை தாக்குப் பிடிக்கும்.

குதிரை வாங்குவதற்கு முன்னால் இதை இரண்டு வாரம் வெறுமனே செய்து பாருங்கள். வேலை நாளும் விடுமுறையும் விருந்தாளிகள் வரும் நாளும் அதில் அடங்கட்டும். அலுத்துப் போனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எந்த உயிருக்கும் சேதமில்லை.

தொட்டியின் அளவு

கடல்நீர்த் தொட்டி என்றாலே பெரிசு நல்லது என்பது பொது விதி. தண்ணீர் அதிகமிருந்தால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறாது, கழிவும் நீர்த்துப் போகும். குட்டிக் குதிரைக்கு இந்த விதி ஓரளவுக்குத்தான் பொருந்தும். அது தீனியைத் துரத்திப் போகாது, முன்னால் வந்ததைத்தான் பிடிக்கும். ஐம்பதாயிரம் ஆர்டீமியாக் குஞ்சுகளை 20 லிட்டர் தொட்டியில் விட்டால் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டரை வீதம் இருக்கும். அதையே 75 லிட்டரில் விட்டால் முக்கால்கூட இல்லை. எல்லா மூலைக்கும் தீனி எட்ட வேண்டுமென்று மூன்று மடங்கு போட்டால் மிஞ்சியதெல்லாம் செத்து அழுகி நீரைக் கெடுக்கும்.

கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை மூன்று அளவு: கிட்டத்தட்ட 10 லிட்டர், 20 லிட்டர், 40 லிட்டர். 10 லிட்டரில் தீனி நெருக்கமாக இருக்கும், ஆனால் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்பு ஏறிவிடும். ஒரு குதிரை செத்து மறைவில் கிடந்தால் அம்மோனியா மற்றவற்றையும் கொன்றுவிடும். அனுபவம் உள்ளவர்கள் குஞ்சு வளர்க்க இதைப் பயன்படுத்தலாம். 40 லிட்டருக்கு இருபதுக்கு மேல் குதிரைகள் இருந்தால்தான் அர்த்தமுண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 20 லிட்டர், அதில் ஆறு முதல் எட்டுக் குதிரைகள். மேலே மூடி இருக்கட்டும், ஆவியாவது குறையும்.

ஃபில்டர்

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒருபுறம், தொட்டியின் பின்பக்கத்தில் தொங்கும் மோட்டார் ஃபில்டர் இன்னொருபுறம். மோட்டார் ஃபில்டர் நீரைத் தெளிவாக வைக்கும், கார்பனும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தீனியை நிமிடத்துக்கு நிமிடம் உறிஞ்சிக்கொள்ளும். குஞ்சுக் குதிரைகளையும் இழுத்துவிடும். உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்சைக் கட்டி, வேகத்தை மிகவும் குறைத்தால் சமாளிக்கலாம். அந்த அளவுக்குக் கட்டுப்படுத்திய பிறகு அதனால் பெரிய லாபம் இல்லை என்பது என் கருத்து. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மலிவு, குஞ்சுக்கு ஆபத்தில்லை, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா தங்க இடமும் கொடுக்கும். ஏர் ஸ்டோன் போடாமல் பெரிய குமிழிகளாக விடுங்கள். வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது எடுத்த கடல்நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா செத்துவிடும்.

பாறையும் ஹைட்ராய்டும்

தேர்வு தவறினால் தொட்டியே கைவிட்டுப் போகும் இடம் இது. உயிர்ப்பாறை என்று கடைகளில் விற்கும் கடல் பாறை, மற்றக் கடல்நீர்த் தொட்டிகளுக்கு வரப்பிரசாதம். அதோடு பாக்டீரியா, புழு, சிப்பி, நுண்பாசி என்று ஒரு கடலே வந்துவிடும். கூடவே ஹைட்ராய்டும் வரும். ஜெல்லி மீனின் சொந்தக்காரரான இது கண்ணாடியிலும் பாசியிலும் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத கொட்டும் இழைகளை நீட்டிக்கொண்டிருக்கும். மற்றத் தொட்டிகளில் தீனி குறைவாக இருப்பதால் அடங்கியே கிடக்கும். நாமோ தினமும் இரண்டு வேளை ஆர்டீமியாவைக் கொட்டுகிறோம். ஹைட்ராய்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. சில வாரத்தில் கண்ணாடி முழுக்கப் பரவி, குஞ்சுகளை நேரடியாகக் கொன்றுவிடும். பெரிய குதிரையின் தோலில் கொட்டிய காயத்தில் நோய் தொற்றும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கண்ணாடியில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் துணுக்குகள், நுனியில் விரல் விரித்ததுபோல் இழைகள், சில சமயம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆர்டீமியாக் குஞ்சு அதில் சிக்கித் துடித்துக்கொண்டிருக்கும். தெரிந்தால் ஃபென்பெண்டசோல் என்ற மருந்துதான் வழி. நாய்களுக்குக் கொடுக்கும் குடற்புழுப் பொடி அது. குதிரைகளை அது பொதுவாகப் பாதிப்பதில்லை. ஆனால் பல வகை நத்தை, புழு, மென்பவளம் எல்லாவற்றையும் கொல்லும். நுண்துளை உள்ள பாறையில் ஊறிவிட்டால் பிறகு நெடுநாள் கசிந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் யோசித்துத்தான் நான் உயிர்ப்பாறை வேண்டாம் என்கிறேன். காய்ந்த பாறைத் துண்டு ஒன்றிரண்டு போடலாம், போடாமலும் இருக்கலாம். பாக்டீரியாவை பாட்டிலில் வாங்கிவிட்டு, ஸ்பாஞ்சில் நான்கு முதல் ஆறு வாரம் வளரவிடுங்கள். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே குதிரை.

அடியில் மணல் வேண்டாம். வெறும் கண்ணாடியாக இருந்தால் செத்த தீனியைத் தினமும் மெல்லிய குழாயால் எடுத்துவிடலாம்.

பிடித்துக்கொள்ள ஏதாவது

குதிரைக்கு வால் சுற்ற இடம் வேண்டும். நிஜப் பாசியா, பிளாஸ்டிக்கா? நிஜக் கடற்புல்லைச் சின்னத் தொட்டியில் வளர்ப்பது மிகக் கடினம், விட்டுவிடுங்கள். காலர்ப்பா புரோலிஃபெரா என்ற பாசி பார்வைக்குக் கடற்புல் மாதிரியே இருக்கும், நைட்ரேட்டை உறிஞ்சும், குதிரைகள் அதில் மிக இயல்பாகத் தெரியும். ஆனால் அது திடீரென்று இனப்பெருக்க நிலைக்குப் போய், ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து நீரைக் கெடுக்கக் கூடியது. அடிக்கடி வெட்டிக் குறைத்தால் ஆபத்து குறையும். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் காலர்ப்பாவைத் தொடவே கூடாது, அங்கே சட்டம் தடுக்கிறது. 2000-இல் தெற்குக் கலிபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் காலர்ப்பா டாக்ஸிஃபோலியா பரவி, அதை ஒழிக்கவே பல ஆண்டு ஆனது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் வெட்டிய பாசியைக் கடலிலோ சாக்கடையிலோ போடாமல் உறைய வைத்துக் குப்பையில் போடுங்கள்.

கீட்டோமார்ஃபா பாசி கரையும் பயம் இல்லாதது. ஆனால் அடர்த்தியான பந்தாக இருப்பதால் தீனி அதற்குள் சிக்கி வீணாகும். கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும். நிஜப் பாசி எதுவானாலும் ஹைட்ராய்டு கூடவே வரும் வாய்ப்பு உண்டு. அதனால் முதல் தடவை வைப்பவர்கள் பிளாஸ்டிக் செடியில் தொடங்குவதே நல்லது. கூர்மையில்லாத, மெல்லிய தண்டுள்ளதாகப் பாருங்கள். பார்வைக்கு ஒரு படி குறைவுதான். ஆனால் கழற்றி வெந்நீரில் போட்டுக் கழுவ முடியும். குதிரைக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரிவதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீரும் வெப்பமும்

ஃபுளோரிடா கரையில் இருப்பவர்களுக்குக் கடல்நீரையே மொண்டு வரலாமே என்று தோன்றும். வளைகுடாக் கரையில் கரேனியா ப்ரெவிஸ் என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல்நீரே சிவப்பாக மாறும் (ரெட் டைடு) காலங்களில் மீன்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்குகின்றன. அதில்லாத நாளிலும் ஹைட்ராய்டும் கழிவும் வரும். ஆர்.ஓ. தண்ணீரும் பாக்கெட் கடல் உப்பும்தான் நம்பகமானது. 20 லிட்டர் தொட்டிக்கு வாரம் நான்கைந்து லிட்டர் மாற்றினால் போதும், செலவும் பெரிதாக இல்லை. உப்புநீரின் அடர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து) 1.022-க்கும் 1.025-க்கும் இடையில் நிலையாக இருக்கட்டும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

வெப்பம் 20 முதல் 24 டிகிரி. அதற்கு மேல் போனால் நோய் உண்டாக்கும் விப்ரியோ வகை பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஏசி ஓடும் வீட்டில் ஹீட்டரே தேவைப்படாது. குளிர்ப் பகுதிகளில் போட்டே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் பிளாஸ்டிக் கூண்டு உள்ளதை வாங்குங்கள். குதிரை வெற்று ஹீட்டரில் வாலைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீனி கண்ணுக்குத் தெரிய ஒரு சாதாரண எல்இடி போதும்.

பண்ணைக் குதிரையா, கடலில் பிடித்ததா?

ஃபுளோரிடாவில் இந்தக் குதிரைகளை மீன்தொட்டி வணிகத்துக்காகச் சட்டப்படியே கடலில் பிடிக்கிறார்கள். விலை குறைவு. ஆபத்தான உயிரினப் பட்டியலில் இதைச் சேர்க்கக் கோரி 2011-இல் மனு போடப்பட்டது. 2020-இல் அமெரிக்கக் கடல் மீன்வளத் துறை அதற்குத் தேவையில்லை என்று முடிவு செய்தது. ஆகவே கடலில் பிடித்ததை வாங்குவது குற்றமில்லை. ஆனாலும் இவை வாழும் கடற்புல்லின் நிலை கவலைக்குரியது. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் காயலில் 2011-இல் வந்த பெரும் பாசிப் பெருக்கில் கடற்புல் பரவலாக அழிந்தது. ஒரு பொழுதுபோக்குக்காக அங்கிருந்து ஒன்றைக்கூட எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நடைமுறையிலும் பண்ணைக் குதிரைதான் லாபம். கடலில் பிடித்தது ஒட்டுண்ணியோடு வரும், வயது தெரியாது. ஓராண்டு வாழும் உயிரில் பாதி ஆயுள் முடிந்ததை வாங்கினால் என்ன மிஞ்சும்? பண்ணையில் பிறந்ததென்றால் எத்தனை மாதக் குதிரை, எந்த உப்படர்த்தியில் வளர்ந்தது, என்ன தின்கிறது என்று கேட்டு வாங்கலாம். இரண்டு இடத்திலிருந்து வந்த குதிரைகளை ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். ஒன்றுக்குப் பழகிய கிருமி இன்னொன்றைக் கொல்லும். வேறு மீன், இறால், நண்டு எதுவும் கூட வேண்டாம்.

குஞ்சு பிறந்தால் தனித் தொட்டியா, அதே தொட்டியா என்ற கேள்வி வரும். பெரிய குதிரைகள் குஞ்சைத் தின்பதில்லை, தீனியும் ஒன்றுதான். அதே தொட்டியில் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை பெருகித் தீனி போதாதபோதுதான் இரண்டாவது தொட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குதிரை கூரியரில் வரும் நாளில் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது. சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து இரண்டு மணி நேரம் பழக்குவது பலருடைய வழக்கம். நெடும்பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஎச் இறங்கி, அமிலத்தன்மை கூடியிருக்கும், அதனால் அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதற்குள் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது நல்லதில்லை. விற்பவரிடம் உப்படர்த்தியை முன்கூட்டியே கேட்டுத் தொட்டியையும் அதே அளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். மூடிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். பிறகு பையைத் திறந்து, குதிரைகளைச் சின்னக் கிண்ணத்தால் நீரோடு அள்ளி, பை நீரை முடிந்தவரை வடித்துவிட்டு உள்ளே விடுங்கள். வலையில் எடுத்துக் காற்றில் தூக்க வேண்டாம், மூக்கு வழியாகக் காற்றை உறிஞ்சிவிடும். அன்று காலையில் பொரித்த ஆர்டீமியா ஏற்கெனவே தொட்டிக்குள் இருக்கட்டும். ஆரோக்கியமான குதிரை வாலைச் சுற்றிய சிறிது நேரத்திலேயே தின்ன ஆரம்பித்துவிடும். மாலை வரை ஒன்றுகூடத் தின்னவில்லை என்றால் அன்றைக்கே விற்றவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.